பழைய சீடி பிளேயரைத் திருத்தி ஒலியை மேம்படுத்துவது: வரிசை மாறாமல் ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் பழைய சீடி பிளேயர் ஒன்றைத் தேடி எடுப்பது பெரிய காரியமில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் விட்டுப்போனது, கொழும்பில் கைமாறி வந்தது, அலுமாரிக்கு மேலே துணி போட்டு மூடிக் கிடப்பது என்று எங்கேயாவது ஒன்று அகப்படும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே ஆப்-அம்ப் (ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்பும்) ஐசியைக் கழற்றிப் புதியது போடுவார்கள், அதோடு பத்துக் கெப்பாசிட்டரையும் மாற்றுவார்கள், லேசருக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகையும் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். பிறகு டிஸ்க் ஓடாது. எதைத் தொட்டதால் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க வழியும் இருக்காது. அதனால் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். பழுது திருத்தி முடியும் வரைக்கும் மாற்றம் எதுவும் வேண்டாம்.

1. எந்த மெஷினை எடுப்பது

பெயரையும் முன்பக்க அழகையும் பார்க்க முதல், உள்ளே இருக்கும் லேசர் தலை எது என்று பாருங்கள். கடையில் "லென்ஸ்" என்று கேட்டால்தான் புரியும். மற்றச் சாமான் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. லேசர் தலைக்கு மாற்று இல்லையென்றால் அந்த மெஷினின் ஆயுள் அதோடு சரி.

சோனியின் கேஎஸ்எஸ் 213, கேஎஸ்எஸ் 240 வகைகள் பல கம்பனிகளின் பிளேயர்களில் இருந்தவை. இவற்றுக்கு இன்றைக்கும் மாற்றுத் தலை விற்பனைக்கு வருகிறது. தரம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். பிலிப்ஸின் சிடிஎம்-1, சிடிஎம்-2, சிடிஎம்-4 ஆகியவை வேறு இனம். லேசர் தண்டவாளத்தில் ஓடாமல், ஒரு கைபோல வளைவாக ஆடும். இவை நீண்டகாலம் உழைக்கும், ஆனால் புதிதாக யாரும் செய்வதில்லை. போனால் இன்னொரு மெஷினில் இருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே இந்த வகையை வாங்குவதென்றால், கண் முன்னால் டிஸ்க் ஓடிக் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

ஒலி மாற்றத்துக்கு நல்ல இடம் தருபவை பிலிப்ஸின் டிடிஏ 1541 அல்லது 1541ஏ என்ற 16 பிட் டாக் ஐசி (டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றுவது) உள்ளவை. பிலிப்ஸ் சிடி-650, மெரன்ஸ் சிடி-60 போன்றவை இந்தக் கூட்டம். உள்ளே இடம் தாராளம், ஐசிகள் பெரிய கால்களோடு இருக்கும், கை நடுங்கினாலும் சமாளிக்கலாம். இதே காரணத்துக்காக முதல் வேலைக்கு மினி கொம்போ செட்டை எடுக்க வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, பின்பக்க லேபலைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்தவை 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட்டில் கொடுத்தால் ட்ரான்ஸ்ஃபோமர் அந்த நிமிடமே போய்விடும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வைத்துத்தான் பாவிக்க வேண்டும். சாதாரண பிளேயர் 10 முதல் 20 வாட் வரை இழுக்கும் என்பதால் 50 விஏ அளவே போதும். பிளக்கில் "100 வோல்ட்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது சுவரில் நேரே செருகிவிடுவார்கள்.

2. மேசைக்கு வரவேண்டியவை

பாதி வேலையில் "அது இல்லையே" என்று கடைக்கு ஓடுவதுதான் திருகாணிகள் தொலைவதற்கு முதல் காரணம். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டுத் திறவுங்கள்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயன், 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள 63/37 ஈயம், ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னலான விக், ஈயம் இழுக்கும் சக்கர், டிஜிட்டல் மல்டிமீட்டர், கையில் கட்டும் ஏர்த் பட்டி, காதுப் பஞ்சுக் குச்சி, 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல். ஃபாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இதற்குப் பதிலாகாது. அதில் தண்ணீர் உண்டு, காய்ந்ததும் படலம் விடும். ஓ டி கொலோன் அதைவிட மோசம், வாசனை எண்ணெய் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பான் மெஷின்களில் உள்ள நட்சத்திரத் திருகாணி சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. ஜேஐஎஸ் என்ற அளவு அது. மற்றதைப் போட்டு அழுத்தினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். ஜேஐஎஸ் கிடைக்காவிட்டால், நுனி தேயாத புது டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள்.

சேர்விஸ் மனுவல் இல்லாமல் ஆறாம் படிக்கு மேல் போகாதீர்கள். எந்தப் புள்ளியில் எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். பழைய மொடல்கள் பலவற்றுக்கு இணையத்தில் தேடினால் கிடைக்கும்.

டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று கம்பனி அச்சடித்த, கீறல் இல்லாத ஒரிஜினல். மற்றது கம்ப்யூட்டரில் எழுதிய சீடி-ஆர். எழுதிய டிஸ்க் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். ஆகவே ஒரிஜினல் ஓடி, எழுதியது ஓடாவிட்டால், லேசர் களைத்துவிட்டது அல்லது லென்ஸ் அழுக்கு என்று ஒரு துப்புக் கிடைக்கிறது.

பாகங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலானவற்றுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். ஒரு பயணத்தில் முடிக்கப் பாருங்கள். அதற்காகத்தான் கீழே வரும் பட்டியல் எழுதும் வேலை.

3. முதன்முதல் கரண்ட் கொடுப்பது

பல வருடம் கிடந்த மெஷினை நேரே செருகுவது சூதாட்டம். ஒரு 40 வாட் இழை பல்பை பிளேயரோடு தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள். எல்ஈடி பல்ப் சரிவராது, பழைய குண்டு பல்ப்தான் வேண்டும். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், பிளேயருக்கு ஒன்றும் ஆகாது. பல்ப் ஒரு கணம் மின்னி மங்கலாகிவிட்டால் மேலே போகலாம்.

மூடியைக் கழற்றிய பிறகு கவனிக்க வேண்டியவை இரண்டு. கேபிள் உள்ளே வரும் இடம், ஃபியூஸ், சுவிட்ச், ட்ரான்ஸ்ஃபோமரின் முதல் பக்கம் ஆகிய இவ்வளவும் 230 வோல்ட். முன் பொத்தானை ஓஃப் செய்தாலும் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கலாம். திறந்திருக்கும் கால்களை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள், கை வைக்க முதல் பிளக்கைக் கழற்றுங்கள்.

மற்றது லேசர். அது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாக மட்டுமே தெரியும் என்பதால் பலவீனமானது என்று நினைக்கத் தோன்றும். நேர் மேலே குனிந்து பார்க்கவே வேண்டாம். எரிகிறதா என்று அறிய, கைத்தொலைபேசிக் கெமராவைப் பக்கவாட்டில் பிடித்தால் திரையில் தெரியும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவில் ஒன்று போடுங்கள். திரும்பவும் போனால் பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வல்ல, காரணத்தைத் தேடுங்கள்.

4. இருக்கும் நிலையை எழுதி வைத்தல்

பலர் தவிர்க்கும் படி இது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அளவுகோலும் இதுதான்.

பல்பை எடுத்துவிட்டு, வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசிகளின் வெளியீட்டை மல்டிமீட்டரால் பாருங்கள். 7805 என்று எழுதியிருந்தால் பிளஸ் 5 வோல்ட், 7812 என்றால் பிளஸ் 12, 7912 என்றால் மைனஸ் 12. அதே இடத்தில் மீட்டரை ஏசிக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது அல்லது ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை. கேட்கும்போது மெல்லிய "ம்ம்ம்" என்ற இரைச்சலுக்கு இதுவே காரணமாக இருக்கும்.

பிறகு டிஸ்கைப் போட்டு, தலைப்பு வாசிக்க எத்தனை செக்கன் எடுக்கிறது, எங்கே தாவுகிறது என்று குறியுங்கள். சீடி உள் வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். உள்ளே நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் சுழன்று, விளிம்பில் 200 வரை குறையும். ஆகவே முதல் பாட்டுகளில் மட்டும் தடுமாறினால் டிஸ்க் சுழற்றும் மோட்டர் மேல் முதல் சந்தேகம். கடைசிப் பாட்டுகளில் தாவினால் தண்டவாளத்துக் கிரீஸ் இறுகியிருக்கலாம், அல்லது டிஸ்க் மேடை கொஞ்சம் சரிந்திருக்கலாம். எல்லா இடத்திலும் தாவினால் லென்ஸ்.

மெஷின் முற்றிலும் ஓடவில்லையா? அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சில மொடல்களில் பயணத்துக்காக லேசரைப் பூட்டும் சிவப்புத் திருகாணி ஒன்று இருக்கும். அதைக் கழற்றாமலே "லென்ஸ் போயிட்டு" என்று கைவிட்ட மெஷின்கள் எத்தனையோ.

5. சுத்தம், பெல்ட், கிரீஸ்

தூசியை மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். டயர் கடைக் கம்ப்ரசருக்குக் கொண்டு போகாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் அதிகம். லென்ஸ் தலைமயிர் போன்ற கம்பிகளில் தொங்குகிறது, ஒரு வீச்சில் பிய்ந்துவிடும்.

லென்ஸைத் துடைக்கும் முறை: பஞ்சுக் குச்சியை அல்கஹோலில் தோய்த்து, உதறி, லென்ஸின் மேல் பாரமே கொடுக்காமல் ஒரு சுற்று. உடனே உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. காய்ந்த பஞ்சால் முதலில் துடைப்பது பிழை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போன்ற கரையோர வீடுகளில் இருந்த மெஷின் என்றால் அந்தப் படலத்தில் உப்பும் இருக்கும், காயத் தேய்த்தால் பிளாஸ்டிக் லென்ஸ் கீறிவிடும். தூரிகை ஒட்டிய "கிளீனர் டிஸ்க்" வேண்டவே வேண்டாம்.

தட்டு வெளியே வர மறுத்தால் அநேகமாக பெல்ட். பழையது நீண்டிருக்கும் என்பதால், அதைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதைவிட ஐந்து முதல் பத்து வீதம் சிறியதாக வாங்குங்கள். பெல்ட் உருகித் தார்போல ஒட்டியிருந்தால் கப்பியில் ஒரு துளியும் மிஞ்சாமல் அல்கஹோலால் துடைத்த பிறகே புதியதைப் போட வேண்டும். மிஞ்சியது புதியதையும் அரித்துவிடும்.

தண்டவாளத்தில் மஞ்சளாக இறுகிய கிரீஸை முழுதாகத் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெய், துரு கழற்றும் ஸ்ப்ரே இரண்டும் ஓடி வழிந்து லென்ஸுக்குப் போகும். பிலிப்ஸின் ஆடும் கைக்கு எண்ணெயோ கிரீஸோ எதுவுமே வேண்டாம்.

இந்த இடத்தில் மெஷினைத் திரும்ப ஓடவிட்டு, நாலாம் படியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். கையில் வரும் மெஷின்களில் பெரும்பங்கு இவ்வளவிலேயே திருந்திவிடுகிறது.

6. லேசர் தலை: தொடுவதற்கு முன்

லேசர் தலையிலேயே ஒரு மிகச் சிறிய திருகு இருக்கும். அது லேசரின் பலத்தைத் தீர்மானிப்பது. டிஸ்க் ஓடவில்லை என்றதும் எல்லோருக்கும் கை அங்கேதான் போகிறது. கூட்டினால் சில நாள் ஓடும், பிறகு லேசர் ஒரேயடியாகச் செத்துவிடும். மனுவலில் சொன்ன அளவை அளக்க வசதி இருந்தால் மட்டும் தொடுங்கள். அதற்கும் முதல் பேனையால் இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். போர்டில் உள்ள ஃபோக்கஸ், ட்ரக்கிங் திருகுகளுக்கும் இதே சட்டம்.

தலையை மாற்றுவதென்றால், இங்கே வரிசை உயிர் நாடி. கேஎஸ்எஸ் 240 போன்ற தலைகள் வரும்போது லேசர் டயோட்டின் இரண்டு முனைகள் ஒரு துளி ஈயத்தால் இணைக்கப்பட்டிருக்கும். நிலைமின்சாரம் பட்டு டயோட் சாகாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. முதலில் ஏர்த் பட்டியைக் கட்டுங்கள். தலையைப் பூட்டுங்கள். ஃபிளாட் கேபிளைச் செருகுங்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஈயத் துளியை எடுக்க வேண்டும். முன்னரே எடுத்தால் பாதுகாப்பு போய்விடும், எடுக்க மறந்தால் லேசர் எரியவே எரியாது. புதுத் தலை "டிஓஏ" (வரும்போதே செத்தது) என்று திருப்பி அனுப்பப்படுவதில் பாதிக்கு இந்தத் துளிதான் காரணம் என்பது என் கணிப்பு.

வைகாசியில் இருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும். அப்போது நைலோன் சேட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

7. ஈயம் விட்ட இடங்கள், கறுத்த கால்கள்

சூடேறும் பாகங்களின் அடியைப் பாருங்கள்: ரெகுலேட்டர், பெரிய ரெசிஸ்டர், மோட்டர் டிரைவர் ஐசி. காலைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் ஈயம் விட்டிருக்கிறது. பழைய ஈயத்தை இழுத்துவிட்டுப் புதியது வையுங்கள். மேலே மேலே ஈயம் சேர்ப்பது வேலைக்காகாது.

பிலிப்ஸின் முதல் தலைமுறை மெஷின்களில், சிடி-104 போன்றவற்றில், போர்டின் இரண்டு பக்கத்தையும் இணைக்கச் சின்ன உலோக ரிவெட்டுகள் பாவித்திருக்கிறார்கள். காலப்போக்கில் அவற்றின் ஈயம் வெடிக்கும். மெஷின் சூடான பிறகு நிற்பது, தட்டினால் ஓடுவது எல்லாம் இதன் அடையாளம். ஒவ்வொரு ரிவெட்டுக்குள்ளும் ஒரு மெல்லிய கம்பியை விட்டு இரண்டு பக்கமும் ஈயம் வைப்பதே நிலையான திருத்தம். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் அந்த மெஷினில் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிப் பழுது உண்டு, கனெக்டர்களில் பச்சை படிவது. கடல் காற்று செய்யும் வேலை. ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி, கொன்டக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து தரம் செருகி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம், ஒரே அளவு பிளக் இரண்டு இருந்தால் மாறிவிடும். ஒலிக் கேபிள் செருகும் பின்பக்க ஆர்சிஏ சொக்கெட்டையும் மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மெதுவாகக் கேட்பதற்கு அநேகமாக அதுதான் காரணம்.

8. கெப்பாசிட்டர்

இங்கே அவசரம் வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் வகை மட்டும்தான் காயும். சிறிய செராமிக், ஃபில்ம் வகைகள் நன்றாகவே இருக்கும், "பழசு" என்பதற்காக அவற்றைக் கழற்றாதீர்கள்.

முதலில் பட்டியல். போர்டில் உள்ள எண், மைக்ரோஃபராட், வோல்ட், விட்டம், கால் இடைவெளி ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். கடைசி இரண்டையும் எழுதாததால்தான் புறக்கோட்டையில் இருந்து கொண்டுவந்த சாமான் போர்டில் இருக்காமல் போகிறது.

வாங்கும்போது 105 பாகை என்று எழுதியதையே எடுங்கள். நிச்சிக்கோன், ருபிகோன், பானாசோனிக் போன்றவை நம்பகமானவை, ஆனால் பெயரை அச்சடித்த போலிகளும் சந்தையில் உண்டு. விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவு என்றால் விட்டுவிடுங்கள். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. மைக்ரோஃபராட் அதே அளவாக இருக்கட்டும். பவர் சப்ளையில் வேண்டுமானால் இரண்டு மடங்கு வரை போகலாம். அதற்கு மேல் போனால் கரண்ட் கொடுக்கும் கணத்தில் டயோட்கள் தாங்க வேண்டிய இழுப்பு கூடிவிடும். உடம்பில் "பிபி" அல்லது "என்பி" என்று இருந்தால் அது இரு துருவ வகை. அந்த இடத்துக்கு அதே வகைதான்.

துருவம் பற்றி ஒரு எச்சரிக்கை. கெப்பாசிட்டரின் உடம்பில் கோடு உள்ள பக்கம் மைனஸ். போர்டில் அச்சிட்டிருக்கும் குறி கம்பனிக்குக் கம்பனி மாறும். சிலர் பிளஸ்ஸைக் காட்டுவார்கள், சிலர் மைனஸ் பக்கத்தை நிரப்பிக் காட்டுவார்கள். அச்சை நம்பாமல், கழற்ற முதல் எடுத்த படத்தை நம்புங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், பிறகு அடுத்தது.

எங்கே தொடங்குவது? சேர்வோ போர்டில். லேசரையும் மோட்டரையும் ஆள்வது அது. பிலிப்ஸ் மெஷின்களில் இரண்டு முனையிலும் கால் உள்ள நீல நிறக் கெப்பாசிட்டர்கள் அங்கே இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள், காய்வதில் பெயர் போனவை. அடுத்தது பவர் சப்ளை. கடைசியாகத்தான் ஒலிப் பகுதி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பல்பைத் தொடராகப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரேயடியாகக் கரண்ட் கொடுப்பவருக்கு, பிழை இருந்தால் நாற்பது இடத்தில் தேட வேண்டும்.

பழைய போர்டில் செப்புத் தடம் எளிதில் உரியும். அயனை ஒரு காலில் மூன்று செக்கனுக்கு மேல் வைக்காதீர்கள். ஈயம் இளகாவிட்டால் சூட்டைக் கூட்டுவதை விட, கொஞ்சம் புது ஈயம் சேர்த்துக் கலந்தால் உடனே இளகும்.

9. இனி மாற்றங்கள்

மெஷின் எந்த டிஸ்கையும் தாவாமல் ஓட்டி, ஒரு கிழமை பிரச்சினை இல்லாமல் இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். அதற்கு முதல் ஒரு கேள்வி: உங்களிடம் வெளி டாக் இருக்கிறதா, அல்லது வாங்கும் யோசனை உண்டா? இருந்தால், பின்பக்க டிஜிட்டல் அவுட்டில் இருந்து அதற்குக் கொடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் எதுவும் அப்போது காதுக்கு வராது.

*டாக் ஐசியின் சப்ளை.* பயன் அதிகம், ஆபத்து குறைவு என்பதால் இதை முதலில் வைக்கிறேன். டிடிஏ 1541ஏ-க்கு பிளஸ் 5, மைனஸ் 5, மைனஸ் 15 என்று மூன்று வோல்ட் தேவை. ஒவ்வொன்றின் காலுக்கும் மிக அருகில் நல்ல கெப்பாசிட்டர் வையுங்கள். தூரத்தில் வைத்தால் இடையில் உள்ள தடமே வேலையைக் கெடுக்கும். இந்த ஐசியைச் சுற்றி 14 சின்ன 0.1 மைக்ரோஃபராட் கெப்பாசிட்டர்களும் உண்டு. அவற்றை ஃபில்ம் வகைக்கு மாற்றுவது பலர் செய்யும் வேலை. எனக்கு அதில் கேட்ட வித்தியாசம் சப்ளையில் கேட்டதை விடக் குறைவு.

*வெளியீட்டுக் கெப்பாசிட்டர்.* ஒலி வெளியே போகும் வழியில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் இருக்கும். பெரிய ஃபில்ம் கெப்பாசிட்டர் தேடிக் காசு செலவழிக்காதீர்கள். ஆம்பிளிஃபயரின் உள்ளீடு 47 கிலோ ஓம் என்றால், 2.2 மைக்ரோஃபராட் போட்டாலே 1.5 ஹேர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கு அது தாராளம். கெப்பாசிட்டரையே எடுத்துவிட்டுக் கம்பி போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆப்-அம்பின் வெளியீட்டில் டிசி எவ்வளவு என்று அளக்காமல் அதைச் செய்தால், விலை கொடுப்பது ஸ்பீக்கர்.

*ஆப்-அம்ப்.* இப்போதுதான் இதன் முறை. பழையதைக் கழற்றி சொக்கெட் ஒன்று வையுங்கள், பிறகு மாற்றி மாற்றிப் பார்க்கலாம். 5532 இரட்டை, 5534 ஒற்றை. இரண்டுக்கும் எட்டுக் கால் என்பதால் மாறிப் போட்டுவிடுவார்கள். மாற்றுவதற்கு முன் அங்கே வரும் பிளஸ், மைனஸ் வோல்ட்டை அளந்து, புதிய ஐசி அதற்கு ஏற்றதா என்று பாருங்கள். வேகமான ஆப்-அம்புகள் சப்ளைக் கால்களில் 0.1 மைக்ரோஃபராட் இல்லாவிட்டால் தானாகவே அதிர்வலை எழுப்பத் (ஒசிலேஷன்) தொடங்கும். காதுக்கு அது கேட்காது. ஒலி கூர்மையாகி, சலித்துப்போகும். ஐசியில் விரலை வைத்துப் பாருங்கள், தொட முடியாத சூடு என்றால் உடனே கரண்டை நிறுத்துங்கள். எல்லாம் சரி என்றாலும், ஆர்சிஏ சொக்கெட்டில் டிசி பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருப்பதை மீட்டரில் பார்த்த பிறகே ஆம்பிளிஃபயரில் செருகுங்கள்.

உண்மையைச் சொன்னால், நல்ல நிலையில் உள்ள 5532-ஐ நான் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

*டிஜிட்டல் ஃபில்டரை எடுப்பது.* எஸ்ஏஏ 7220-ஐக் கழற்றி நேரே டாக்குக்குக் கொடுக்கும் முறை பிரபலம். அது கழற்றி எறியும் ஐசி அல்ல. பல மெஷின்களில் 11.2896 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் அதில்தான் தொங்குகிறது, மற்ற ஐசிக்கு கிளாக் (நேரத் துடிப்பு) கொடுப்பதும் அதுவே. எடுத்தால் மெஷின் முழுக்க நின்றுவிடும். கிளாக்குக்கு வேறு வழி செய்து வெற்றி பெற்றாலும், மேல் சுருதிகள் குறையும்: 10 கிலோஹேர்ட்ஸில் ஏறத்தாழ 0.75 டெசிபல், 20-இல் 3.2 டெசிபல். "அனலொக் மாதிரி மென்மை" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இந்தக் குறைவுதான்.

*தொடக் கூடாதவை.* டீ-எம்ஃபசிஸ் சுற்றை எடுக்காதீர்கள். எண்பதுகளின் சில டிஸ்க்குகள் மேல் சுருதியைக் கூட்டிப் பதிந்தவை, அதைத் திருப்பிக் குறைப்பது அந்தச் சுற்றுத்தான். மியூட் ட்ரான்சிஸ்டரை எடுத்தால் பாட்டு மாறும்போது டக் டக் என்று அடிக்கும். புதுக் கிளாக் போர்ட் வாங்கிப் போடுவது ஒசிலோஸ்கோப் இல்லாதவருக்கு ஏற்ற வேலை இல்லை.

10. மாற்றம் கேட்கிறதா என்று பார்க்கும் வழி

காசும் நேரமும் போட்ட பிறகு காது நமக்குச் சாதகமாகத்தான் தீர்ப்புச் சொல்லும். அதற்கு ஒரு மாற்று வழி உண்டு: இடது பக்கத்தை மட்டும் முதலில் மாற்றுங்கள். வலது பக்கம் பழையபடி இருக்கட்டும்.

இப்போது மோனோவில் பதிந்த டிஸ்க் ஒன்று வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ என்பதால் எந்த வீட்டிலும் கிடைக்கும். பிற்காலத்தில் "ஸ்டீரியோ ஆக்கியது" என்று அட்டையில் இருந்தால் அதை விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவதால், பலன்ஸை இடமும் வலமும் திருப்பினால் பழசையும் புதுசையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். பிறகு பின்பக்கக் கேபிள்களை மாற்றிச் செருகி இன்னொரு தரம். வித்தியாசம் கேபிளோடு இடம் மாறினால் அது பிளேயருடையது. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் உங்கள் ஸ்பீக்கரோ அறையோ பேசுகிறது.

வீட்டில் இன்னொருவரைத் திருப்பச் சொல்லி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் கேட்டால் இன்னும் நல்லது. வித்தியாசமே தெரியவில்லையா? வலது பக்கத்துக்கு வாங்கிய சாமானை அடுத்த மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம்.

11. மூடுவதும் வைப்பதும்

மூடியைப் போடும்போது நீளத் திருகாணியையும் குட்டையையும் மாற்றிவிடாதீர்கள், நீளமானது போர்டைக் குத்தும். ஃபிளாட் கேபிள் மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் நசியவில்லை என்று பாருங்கள். மின் கேபிளை இழுத்துப் பார்த்து, உள்ளே இருக்கும் பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். 13 அம்பியர் பிளக் போடுவதென்றால் உள்ளே 3 அம்பியர் ஃபியூஸ்.

வைக்கும் இடம் கடல் பக்க யன்னலுக்கு நேரே வேண்டாம். பாவிக்காத நேரம் பருத்தித் துணியால் மூடுங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். மாரி மாதங்களில் கிழமைக்கு ஒரு தரமாவது அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே வரும் சூடே ஈரத்தைத் துரத்தும். பின்பக்கக் காற்றுத் துவாரங்களுக்கு உள்ளிருந்து மெல்லிய நைலோன் வலை ஒட்டுங்கள். பல்லி உள்ளே போய் பவர் சப்ளையில் குறுக்கே விழுவது எங்கள் பக்கம் சாதாரணம். இடி மின்னல் என்றால் சுவிட்சை மட்டும் நம்பாமல் பிளக்கையே கழற்றுங்கள்.

மாற்றிய பாகங்களின் பட்டியலை, அளந்த வோல்ட்டுகளோடு ஒரு தாளில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். கழற்றிய பழைய ஆப்-அம்பையும் ஒரு சின்னப் பையில் போட்டு அதோடு சேர்த்து டேப் அடியுங்கள்.